சைக்கிளுக்கு ஒயர் இழுக்கும் மாணவர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கையரே,

பள்ளியோ ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ, எங்கே படித்தாலும் சரி, அறிவியல் கண்காட்சிக்கு மின்சார சைக்கிள் செய்யலாம் என்று கிளம்பியிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். எலெக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தே வயதானவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் யோசனை எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். பழைய சைக்கிள் வீட்டில் நிற்கிறது. கிரைண்டர் மோட்டாரோ மிக்ஸி மோட்டாரோ காயலான் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. பேட்டரி விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது. உடனே ஒருவருக்குத் தோன்றுகிறது: “பேட்டரியே எதுக்கு? நீளமா ஒயர் வாங்கி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிட்டு ஓட்டினா என்ன?”

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். ஓடும் வண்டிக்கு மின்சாரத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விக்கு உலகம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பதும் அதே கேள்விதான். ஆனால் கேள்வி சரியாக இருக்கிறது என்பதற்காக, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைச் சைக்கிளில் ஏற்ற யாரையும் நான் விட மாட்டேன். ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 1881இல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்தித் தெருவில் ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டே, 1882 ஏப்ரலில், பெர்லினுக்கு அருகே ஹாலென்ஸே என்ற இடத்தில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஒரு வண்டியைத் தண்டவாளம் இல்லாமல், தலைக்கு மேலே கட்டிய இரண்டு கம்பிகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஓட்டினார். 540 மீட்டர் நீளப் பாதை அது. கம்பிகளின் மேல் சிறு சக்கர வண்டி ஒன்று உருண்டு வரும். அதிலிருந்து ஒயர் இறங்கி வண்டிக்கு வரும். இன்றைய டிராலி பஸ்ஸுக்கு அதுதான் மூத்தது. பேட்டரியைச் சுமந்து போவது ஒரு வழி, கம்பியிலிருந்து எடுத்துக்கொள்வது மற்றொரு வழி என்று இரண்டும் அன்றே திறந்துவிட்டன.

1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். 1953 வரை ஓடியது. அதே 1895இன் கடைசி நாளில் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவருக்கு மின்சார சைக்கிளுக்கான காப்புரிமை கிடைத்தது. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார். கொடுப்பது வெறும் 10 வோல்ட் பேட்டரி. மோட்டார் எடுத்துக்கொள்வதோ 100 ஆம்பியர் வரை. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், கணக்குப் போடும்போது உதவும்.

கம்பி வழி இன்றும் செத்துப்போகவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாரும் பிரம்மாண்டமான பக்கெட் வீல் எந்திரங்கள் டீசலில் ஓடுவதில்லை. தடிமனான கேபிள் வழியே வரும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. துறைமுகத்துப் பெரிய கிரேன்கள் பலவும் கேபிளைச் சுருட்டிக்கொண்டும் விட்டுக்கொண்டும் நகர்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கம்பியை நம்பியவர்கள் எல்லோரும் அதை மனிதர்களின் கைகால் படாத இடத்தில் வைத்தார்கள். வண்டி போகும் பாதையை முன்கூட்டியே வரையறுத்தார்கள். சுரங்கத்தில் அந்தக் கேபிளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். நினைத்த பக்கமெல்லாம் திரும்பும் சைக்கிளுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வாய்க்காது.

இப்போது ஒரு தாளை எடுங்கள். கணக்குப் போடுவோம்.

சமதளமான சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்ட ஏறக்குறைய 50 முதல் 60 வாட் போதும். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 100 வாட் அளவில் வேண்டும். ஏற்றமும் கிளம்பும் நேரமும் சேர்த்துப் பார்த்தால் 250 வாட் மோட்டார் தாராளம். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளும் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்சார சைக்கிளுக்குப் பதிவு கேட்பதில்லை.

ஷாக் அடிக்கக் கூடாது என்று 24 வோல்ட் மோட்டார் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு வேலை செய்யும்போது அது பத்து ஆம்பியருக்குக் குறையாமல் எடுக்கும். ஒயர் 100 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக 100, வர 100, ஆக மின்சாரம் கடக்கும் தூரம் 200 மீட்டர். அதன் மின்தடை சுமார் 2.7 ஓம். பத்து ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே 27 வோல்ட் இறங்கிவிட வேண்டும். நீங்கள் கொடுப்பதே 24தானே? மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒயரின் முனைகளை ஒன்றாக முறுக்கினாலும் 9 ஆம்பியருக்கு மேல் அந்த ஒயரில் ஓடாது. சைக்கிள் அசையாது, ஒயர்தான் சூடாகும். கடையில் “நாற்பது எழுபத்தாறு” என்று கேட்டு வாங்கும் ஒயர் இதைவிட மெலிது. அதில் நிலைமை இன்னும் மோசம்.

அதே 100 மீட்டர் ஒயரில் 230 வோல்ட் அனுப்புங்கள். அதே 250 வாட் வேலைக்கு ஒன்றரை ஆம்பியர் போதும். ஒயரில் இறங்குவது சுமார் 4 வோல்ட். சூடாக வீணாவது ஆறு வாட். மோட்டார் நன்றாகவே ஓடும்.

வோல்ட் பத்து மடங்கு ஏறினால் ஆம்பியர் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒயரில் வீணாகும் சூடு நூறில் ஒரு பங்காகிறது. மின் நிலையத்திலிருந்து வரும் கோபுர லைன்களில் 110 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று அனுப்புவதும், ஊருக்குள் 11 கிலோவோல்ட்டில் கொண்டுவந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்குவதும் இதற்காகத்தான். போல்டன் 10 வோல்ட், 100 ஆம்பியரில் சைக்கிள் ஓட்ட நினைக்க முடிந்ததற்குக் காரணம் ஒயரின் நீளம்தான்: பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே கொஞ்சம் ஒயர் போதும். அந்தச் சைக்கிளுக்கு 100 மீட்டர் ஒயர் போட்டால் நகராது.

ஆக, நீள ஒயர் வேண்டுமென்றால் வோல்ட் ஏற வேண்டும். வோல்ட் ஏறினால் ஒயர் ஆளைக் கொல்லும். உங்கள் யோசனையின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது.

கொல்லும் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதற்கும் கணக்கு இருக்கிறது. வியர்த்த கையும் ஈரக் காலுமாக இருக்கும் ஒருவரின் உடல் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர், அதாவது கால் ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு, உடலில் பாயும். இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்த அது போதும், போதும். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு பல்பு எரிவதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். “எம்.சி.பி. இருக்கு சார், ட்ரிப் ஆயிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும்.

சைக்கிளில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதைப் பல எலெக்ட்ரீஷியன்களே யோசித்திருக்க மாட்டார்கள். சைக்கிள் இரும்பு, அது நிற்பதோ ரப்பர் டயரில். மோட்டாரின் ஓரிடத்தில் இன்சுலேஷன் உரிந்து ஃப்ரேமில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பின் ப்ளக்தான் போட்டிருக்கிறீர்கள், எர்த் இல்லை. ஃப்ரேம் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். டயர் தடுப்பதால் தரைக்கு ஒரு சொட்டு மின்சாரமும் போகாது. கசிவே இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும். ஓட்டுகிறவர் இரண்டு காலையும் பெடலில் வைத்திருக்கும்வரை அவருக்கும் ஒன்றும் தெரியாது. பிரேக் பிடித்துத் தரையில் கால் ஊன்றுகிறாரே, அந்த நொடியில் அவர்தான் எர்த். அல்லது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் சின்னப் பையன் ஹேண்டில்பாரைத் தொடுகிறான். கண்காட்சி நடப்பது பள்ளி மைதானத்தில். காலையில் தண்ணீர் தெளித்த மண். பையன் செருப்புகூடப் போட்டிருக்க மாட்டான்.

மூன்று கோர் ஒயர் போட்டு எர்த் கொடுத்தாலும் நிம்மதியில்லை. ஓடும் சைக்கிளோடு வளைந்து நெளிந்து வரும் ஒயரில் முதலில் எந்தக் கோர் உள்ளுக்குள் அறும் என்று யாரும் சொல்ல முடியாது. எர்த் கோர் அறுந்தால் மோட்டார் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சரி, மின்சாரத்தை விடுங்கள். ஒயரை இழுப்பதே பெரிய வேலை. 100 மீட்டர் மூன்று கோர் ஒயரில் செம்பு மட்டுமே நான்கு கிலோ. மேலுறையும் சேர்ந்தால் பத்துக் கிலோவை ஒட்டி வரும். அதைத் தரையில் இழுத்துக்கொண்டு போக 50 நியூட்டன் அளவுக்கு விசை வேண்டும். 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளும் ஆளும் சேர்ந்து நகரத் தேவையானதோ 13 நியூட்டன்தான். ஆளை இழுப்பதைவிட ஒயரை இழுக்க நான்கு மடங்கு செலவு. நடுவில் ஒரு கம்பத்தைச் சுற்றி ஒயர் திரும்பினால், ஒரு செங்கோணத் திருப்பத்துக்கே இழுவிசை இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். இரண்டு திருப்பத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதற்குள் ப்ளக் பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது டேப் சுற்றிய ஜாயிண்ட் பிரியும். பிரிந்த முனையில் 230 வோல்ட் இருக்கும்.

ஒயரை உருளையில் சுற்றிச் சைக்கிளிலேயே வைத்து, போகப் போக விட்டுக்கொண்டே போகலாமே என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. இழுவை குறையும். ஆனால் திரும்பி வரும்போது சுருட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் அந்த ஒயர் உங்கள் செயினுக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே போகும். செயின் சக்கரத்தின் பற்கள் ஒயரின் மேலுறையைக் கடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இனி, செய்யக்கூடியது என்ன? ஒயரில் ஓடும் சைக்கிளை நீங்கள் செய்யலாம். அதுவும் கண்காட்சியில் எல்லோரும் வந்து நின்று பார்க்கிற மாதிரி செய்யலாம். நீளத்தைக் குறைத்து, வோல்ட்டை இறக்குங்கள். அவ்வளவுதான்.

மைதானத்தின் நடுவில் ஒரு கம்பம் நடுங்கள். செக்கு மாடு சுற்றுவதுபோல அதைச் சுற்றி ஐந்து மீட்டர் ஆரத்தில் சைக்கிள் வட்டமடிக்கட்டும். ஒரு சுற்றுக்கு 31 மீட்டர் தூரம். கம்பத்தின் உச்சியில் சுழலும் ஒரு கை, மூங்கிலோ பி.வி.சி. பைப்போ போதும். ஒயர் அதன்மேல் போய், ஓட்டுகிறவரின் தலைக்கு மேலிருந்து சைக்கிளுக்கு இறங்க வேண்டும். தரையில் எங்கும் தவழக் கூடாது. சைக்கிளில் சேரும் இடத்தில், இழுத்தால் தானே கழன்றுவிடும் கனெக்டர் போடுங்கள். ஆள் விழுந்தால் ஒயர் அவரை இழுக்காமல் விட்டுவிடும்.

சுற்றும்போது ஒயர் கம்பத்தில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஸ்லிப் ரிங் வேண்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை. செம்புக் குழாயில் இரண்டு வளையம் வெட்டி, பி.வி.சி. பைப்பின் மேல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஸ்பிரிங்கோடு கார்பன் அழுந்தி நிற்கட்டும். மிக்ஸி கார்பன் பத்து ஆம்பியருக்குத் தாங்காது; ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் டைனமோ கார்பன் கேளுங்கள்.

மின்சாரத்துக்கு, 230 வோல்ட்டை டி.சி.யாக மாற்றித் தரும் 24 வோல்ட், 15 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். போதும், எல்.இ.டி. போர்டு வைக்கிறவர்கள் வாங்கும் அதே பெட்டிதான். அது வட்டத்துக்கு வெளியே, யார் கையும் படாத மேசையில், ஆர்.சி.சி.பி. உள்ள, எர்த் சரியாக இருக்கும் பாயிண்டில் இருக்க வேண்டும். 230 வோல்ட் அந்த மேசையைத் தாண்டி ஓர் அடிகூட வரக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து புறப்படும் ஒயரில் காருக்குப் போடும் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காவிட்டாலும், ஷார்ட் ஆனால் ஒயரைப் பற்ற வைக்கும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அளவுக்கு மேல் ஆம்பியர் இழுக்கும், எஸ்.எம்.பி.எஸ். கட்டாகி நிற்கும். ஆகவே முதலில் நாலு மிதி மிதித்துவிட்டு, பிறகு த்ராட்டிலைத் திருகுங்கள்.

கிரைண்டர் மோட்டாரும் மிக்ஸி மோட்டாரும் இதற்கு ஆகாது. கிரைண்டர் மோட்டார் ஏ.சி.யில் மட்டும் ஓடுவது. நிமிடத்துக்கு 1400 சுற்று அளவில் சுற்றுவது. அதன் வேகம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு கட்டுண்டது, விருப்பப்படி குறைக்க முடியாது. மிக்ஸி மோட்டார் பல ஆயிரம் சுற்றில் பறப்பது. சில நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து ஓட்டும்படி செய்யப்பட்டதல்ல. 26 அங்குலச் சைக்கிள் சக்கரம் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்தில் 120 சுற்றுதான் சுற்ற வேண்டும். இந்த மோட்டார்களை அங்கே இறக்கிக் கொண்டுவர எத்தனை பல்சக்கரம் வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். சைக்கிளுக்கென்றே விற்கும் கியர் வைத்த 24 வோல்ட் டி.சி. மோட்டாரை வாங்குவதே சரி.

இப்போது கண்காட்சியின் முக்கியமான பகுதி. மேசையிலிருந்து சைக்கிள் வரை ஒயர் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பத்து ஆம்பியருக்கு 2.4 வோல்ட் இறங்கும். மேசையில் ஒரு வோல்ட்மீட்டர், சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு வோல்ட்மீட்டர் என்று வையுங்கள். ஒன்று 24 காட்டும், மற்றொன்று 21 சொச்சம் காட்டும். அடுத்து 1 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாற்றி ஓட்டுங்கள். வித்தியாசம் ஆறு வோல்ட்டை நெருங்கும், சைக்கிள் தளர்வதைப் பார்க்கிறவர்களே உணர்வார்கள். நாட்டின் மின் லைன்கள் ஏன் அவ்வளவு வோல்ட்டில் ஓடுகின்றன என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் அப்போது புரிந்துவிடும். ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற எந்தக் கண்காட்சியும் இதற்கு ஈடாகாது.

வட்டத்தைவிட்டு வெளியே ஓட்ட ஆசை வந்தால், அதற்கு விடை பேட்டரிதான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் 360 வாட்-ஹவர் இருக்கிறது. சைக்கிள் ஒரு கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-ஹவர் சாப்பிடும். ஆகவே 24 கிலோமீட்டரிலிருந்து 36 கிலோமீட்டர் வரை போகலாம். எடை இரண்டு மூன்று கிலோ. நிரப்பச் சார்ஜர் வீணாக்குவதையும் சேர்த்து அரை யூனிட்டுக்கும் குறைவு. 100 மீட்டர் ஒயரோ பத்துக் கிலோ கனத்துக்கு உங்களை 100 மீட்டருக்குள் கட்டிப்போடும். 1881இல் த்ரூவே சுமந்தது ஈய பேட்டரியின் பாரம். 1991இல் லித்தியம் அயான் பேட்டரி விற்பனைக்கு வந்த பிறகுதான் சைக்கிளுக்கு அந்தப் பாரம் இறங்கியது.

லித்தியம் வாங்கக் காசு இல்லையென்றால், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் வரும் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணையுங்கள். எட்டு ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால், பாதியைத்தான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு கிலோமீட்டர் போகலாம். பள்ளிக்குப் போய்வர நிறையப் பேருக்கு இதுவே போதும். பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துச் சால்டர் வைக்கும் வேலை மட்டும் வேண்டாம்; லித்தியம் செல் தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நடுவர்கள் வரும்போது ஓடுகிற சைக்கிளை மட்டும் காட்டாதீர்கள். 100 மீட்டர் ஒயர் ஏன் போடவில்லை என்று கணக்கெழுதிய தாளையும் பக்கத்தில் ஒட்டுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தத் தாளை எழுதியவர் நல்ல மின் பொறியாளராக வருவார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பக்கத்து ஸ்டாலில் யாராவது சைக்கிளுக்குச் சுவர் ப்ளக்கிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தால், முதலில் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு இந்த மடலைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும்
பழைய எலெக்ட்ரீஷியன் ஆசிரியர்